ஓரமா, தொங்கலா? விசுவாசத்தின் யூத வேர்கள் பற்றிய கேள்வி பதில்

ஐயா, "இயேசு" என்பதே கிரேக்கர் திணித்த பெயர், அதில் சீயுஸ் தெய்வம் ஒளிந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே?

சுற்றட்டும், உண்மை அதுவல்ல. யெஹோஷுவா (தமிழில் யோசுவா) என்ற எபிரேயப் பெயர் பாபிலோன் சிறையிருப்புக்குப் பின் பேச்சில் யேஷுவா எனச் சுருங்கியது. நெகேமியா 8:17-இன் எபிரேய மூலத்தில் நூனின் குமாரனாகிய யோசுவாவையே அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். கிரேக்கத்தில் "ஷ" ஒலி இல்லை. ஆண்பெயருக்குக் கடைசியில் "ஸ்" சேர்ப்பது வழக்கம். அப்படி வந்ததுதான் இயேசூஸ். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் யோசுவாவின் பெயரை இப்படி எழுதியவர்கள் யூதர்களே, அதுவும் இயேசு பிறப்பதற்கு முன்பே.

பெரும்பாடுள்ள (இரத்தப்போக்கு நோயுள்ள) ஸ்திரீ இயேசுவின் "வஸ்திரத்தின் ஓரத்தை"த் தொட்டாள். அது சும்மா துணி விளிம்புதானா?

தமிழில் நழுவிப்போன இடம் இது. மத்தேயு 9:20-இல் உள்ள கிரேக்கச் சொல் கிராஸ்பெதோன். மத்தேயு 23:5-இலும் அதே சொல்தான். ஆனால் நம் பழைய மொழிபெயர்ப்பு முதல் இடத்தில் "ஓரம்" என்றும் இரண்டாவதில் "தொங்கல்" என்றும் போடுகிறது. எண்ணாகமம் 15:38 கட்டளையிட்ட இளநீல நாடாவுள்ள தொங்கல், அதாவது ட்ஸிட்ஸித், அது. இரண்டு வசனங்களையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள்: பரிசேயரிடம் இயேசு கண்டித்தது தொங்கலை அல்ல, அதைப் பெரிதாக்கிக் காட்டியதை. அவரும் தொங்கல் கட்டியவர்தான்.

பிரதர், பெரிய வியாழன் அன்று சபையில் "செதேர்" என்ற யூதரின் பஸ்கா விருந்து நடத்தப்போகிறோம். இயேசு செய்த முறை அப்படியே வேண்டும்.

"அப்படியே" கிடைக்காது. இன்றைய செதேர், கி.பி. 70-இல் ஆலயம் இடிந்து பலி நின்றபின் உருவெடுத்தது. நான்கு திராட்சரசப் பாத்திரங்கள் என்ற ஒழுங்கு ஏறக்குறைய கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத்தொகுப்பான மிஷ்னாவில் இருக்கிறது. அப்பத்துண்டை ஒளித்துவைத்துப் பிள்ளைகளைத் தேடவிடுவது அதற்கும் பிந்தியது. மூன்று மாத்ஸா (புளிப்பில்லா) அப்பங்களைத் திரித்துவம் என்று விளக்குவது பிரசங்கத்துக்கு ருசி, சரித்திரம் ஆகாது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டீன் காலத்துப் பூச்சைச் சுரண்டிவிட்டு இடைக்கால யூதப் பூச்சை அடித்தால் வேர் தெரியாது, நிறம்தான் மாறும்.

சுவிசேஷங்களில் நிச்சயமாக உள்ளதை வைத்துச் செய்யுங்கள். யாத்திராகமம் 12 வாசிப்பு, அப்பம், பாத்திரம் (லூக்காவில் இரண்டு), தோய்த்து உண்பது, கடைசியில் பாட்டு. மத்தேயு 26:30-இன் "ஸ்தோத்திரப்பாட்டு" பெரும்பாலும் ஹல்லேல், அதாவது சங்கீதம் 113–118-இன் பின்பகுதி. "வீடுகட்டுகிறவர்கள் ஆகாதென்று தள்ளின கல்லே" அதில்தான் வருகிறது. ஒலிவமலைக்குப் போகுமுன் வாயில் இருந்த வரி அது என்று நினைத்துப் பாடிப் பாருங்கள்.

அப்பத்தில்தான் பலர் கோட்டை விடுவார்கள். சப்பாத்தி மாவு போலப் பிசைந்து அரைமணி ஊறவைத்தால் ஈஸ்ட் போடாவிட்டாலும் யூத முறைப்படி அது புளித்த மாவு. தண்ணீர் பட்டதிலிருந்து சுட்டு முடிக்க 18 நிமிடம். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகப் பிசையுங்கள், மெல்லிசாகத் தேயுங்கள், முள்கரண்டியால் குத்துங்கள் (குத்தாவிட்டால் உப்பும்), கல் முன்பே காய்ந்திருக்கட்டும்.

ஈஸ்டர் என்பது இஷ்தார் தேவதையின் பண்டிகையாமே?

ஒலி ஒற்றுமை, அவ்வளவே. கிரேக்கத்திலும் லத்தீனிலும் அதன் பெயர் பாஸ்கா, பஸ்காவின் எபிரேயப் பெயரான பெசாக் என்பதன் வழி வந்தது. உண்மையான சிக்கல் தேதியில். ஆசியா மைனரில் சிமிர்னா சபைக் கண்காணி பொலிக்கார்ப்பும் அவரைச் சார்ந்தவர்களும் யூத நாட்காட்டியின் பஸ்கா நாளான நிசான் 14-ஐயே ஆசரித்தார்கள். ரோமாபுரி ஞாயிறைப் பிடித்தது. 325-இல் நிசேயா சங்கம் கூடியபின் கான்ஸ்டன்டீன் எழுதிய கடிதம், யூதரோடு நமக்குப் பொதுவாக ஒன்றும் வேண்டாம் என்கிறது. கணக்கு வேறுபட்டதால் 2024-இல் ஈஸ்டர் மார்ச் 31, பெசாக் ஏப்ரல் 22 மாலை.

சவுல் மனந்திரும்பியதும் பவுலாகப் பெயர் மாறினாரே?

மாறவில்லை. தமஸ்கு வழியில் மனந்திரும்பிய பிறகும் அப்போஸ்தலர் 13:9 வரை சவுல்தான். அங்கே "பவுல் என்னப்பட்ட சவுல்". இரட்டைப் பெயர். 23:6-இல் "நான் பரிசேயன்" என்று நிகழ்காலத்திலேயே சொல்கிறார்.

கேரளத்து நஸ்ரானிகளின் (தோமா கிறிஸ்தவர்களின்) பெசகா அப்பம் யூத மரபா, சிஸ்டர் ஒருவர் கேட்கச் சொன்னார்.

பெயர் பெசாக்தான், பெரிய வியாழன் இரவு வீட்டுப் பெரியவர் பிட்டுக் கொடுப்பதும் அந்த வாசனையுள்ளது. ஆனால் அது அரிசிமாவும் உளுந்தும். மாத்ஸாவுக்குக் கோதுமை, வாற்கோதுமை உள்ளிட்ட ஐந்து தானியங்களில் ஒன்று வேண்டும். அரிசி அந்தப் பட்டியலில் இல்லை.