சாவி தருவார், பில் புத்தகம் தரமாட்டார்: வேலைத்தல நம்பிக்கை பற்றிக் கேள்வி பதில்

வணக்கம். நான் வவுனியாவில் முகாமைத்துவம் படிப்பிக்கிறேன். ஆய்வு என்று பார்த்தால் ஒரே விஷயத்தைத்தான் 14 வருடமாகக் கிண்டிக்கொண்டிருக்கிறேன்: வேலை செய்கிற இடத்தில் ஆட்கள் ஏன் அப்படி நடக்கிறார்கள், யார் யாரை எதற்கு நம்புகிறார்கள். நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஒருவர் பெயரும் போடவில்லை.

நெடுங்கேணி, ஏ.எல். வர்த்தகப் பிரிவு மாணவி: மிஸ், இப்படி ஒரு வேலை இருக்கிறதென்றே இப்போதுதான் தெரியும். இதற்கு என்ன படிக்க வேண்டும்? நீங்கள் எப்படி வந்தீர்கள்?

முகாமைத்துவத்தில் நான்கு வருடச் சிறப்புப் பட்டம், அதில் மனிதவளத்தை முக்கிய பாடமாக எடுக்கலாம். உளவியலோ சமூகவியலோ படித்துவிட்டும் வரலாம். நல்ல வகுப்பில் சித்தியடைந்தால் முதலில் தற்காலிக விரிவுரையாளர். விளம்பரம் வரும்போது விண்ணப்பித்துத் தகுதிகாண் விரிவுரையாளர். பிறகு முதுமாணி, கலாநிதி என்று படிப்பு ஓடிக்கொண்டே இருக்கும். இதற்காக ஊரை விட்டுப் போகவும் தேவையில்லை. 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகத் தொடங்கிய நம்முடைய வவுனியா கம்பஸ் 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. புள்ளிவிபரத்துக்குப் பயப்படாதீர்கள், அது பழகும். ஆட்களோடு கதைக்கக் கூச்சப்பட்டால்தான் கஷ்டம்.

நான் வந்த கதை வேறு. கம்பஸ் லீவில் ஒரு நெல் ஆலையில் கணக்கு எழுதினேன். முதலாளி மத்தியானம் சாப்பிடப் போகும்போது களஞ்சியச் சாவியை மூட்டை தூக்குகிற அண்ணை ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போவார். உள்ளே கூரை முட்ட மூட்டைகள். ஆனால் பில் புத்தகத்தை மட்டும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவார். ஒரு நாள் பொறுக்காமல் கேட்டேன். “அவன் ஒரு நெல்லும் எடுக்கமாட்டான் பிள்ளை. ஆனா தெரிஞ்சவன் ஆரும் வந்து கடன் கேட்டா இல்லையெண்டு சொல்லமாட்டான்” என்றார். அன்றிலிருந்து “இவர் நம்பிக்கையான ஆளா?” என்று யாராவது கேட்டால், “எதற்கு?” என்று திருப்பிக் கேட்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

மாங்குளம், கூட்டுறவுச் சங்க ஊழியர்: நம்பிக்கை மனதுக்குள் இருக்கிற விஷயம். அதை எப்படி அளக்கிறீர்கள்?

மேயர், டேவிஸ், ஷூர்மன் என்ற மூவர் 1995 இல் எழுதிய கட்டுரைதான் இந்தத் துறையில் இன்றைக்கும் எல்லோரும் கையில் எடுப்பது. ஒருவரை நாம் கண்காணிக்க முடியாதபோதும், அவர் செய்கிற காரியத்தால் நமக்குக் கெடுதல் வரக்கூடும் என்று தெரிந்தும், சரி பரவாயில்லை என்று அவர் கையில் விட முன்வருவதுதான் நம்பிக்கை என்கிறார்கள். அப்படி விடுவதற்கு மூன்று விஷயம் பார்க்கிறோமாம்: ஆளுக்கு வேலை தெரியுமா, எங்கள் நன்மையை நினைக்கிறவரா, நேர்மையாக நடக்கிறவரா. ஆலை முதலாளி கட்டுரை ஒன்றும் படிக்காமலே இதைப் பிரித்து வைத்திருந்தார். அந்த அண்ணையின் கை சுத்தம், அதனால் சாவி. மனம் இளகினது, அதனால் பில் புத்தகம் இல்லை.

அளக்கிற கஷ்டம் தமிழில் இன்னும் கூட. ஆங்கிலத்தில் மூன்று சொல்லுக்குப் பிரிந்து கிடப்பதை நாம் நம்பிக்கை என்ற ஒரே சொல்லில் கட்டி வைத்திருக்கிறோம். கடவுள் மேல் இருப்பதும் நம்பிக்கை, நாளைக்கு விடியும் என்பதும் நம்பிக்கை, சுப்பர்வைசர் மேல் இருப்பதும் நம்பிக்கை. முல்லைத்தீவில் ஒரு அம்மாவிடம், “உங்கள் மேற்பார்வையாளர் மேல் நம்பிக்கை இருக்கிறதா?” என்று கேட்டேன். “இருக்குப் பிள்ளை, கடவுள் ஒருநாளும் கைவிடமாட்டார்” என்றார். நான் என்னத்தைப் பதிவது! அதற்குப் பிறகு அந்தச் சொல்லையே வினாக்கொத்திலிருந்து எடுத்துவிட்டேன். இப்போது கேட்பது இப்படி: வீட்டுப் பிரச்சினையை அவரிடம் சொல்வீர்களா? நீங்கள் விட்ட பிழையை அவர் காண முதல் நீங்களே போய்ச் சொல்வீர்களா?

கிளிநொச்சி, ஆடைத் தொழிற்சாலை ஊழியர்: அக்கா, எங்கள் லைனில் ஒருமுறை கருத்துப் படிவம் தந்தார்கள். சுப்பர்வைசர் பின்னாலேயே நின்றார். நான் எல்லாவற்றுக்கும் 5 போட்டுக் கொடுத்துவிட்டேன். பிழையா?

உங்கள் பிழை இல்லை தங்கச்சி, படிவம் கொடுத்தவர்களின் பிழை. நானும் அதே பிழையை விட்டிருக்கிறேன். முதல் ஆய்வில் படிவங்களை முகாமையாளர் கையிலேயே கொடுத்து, அவரிடமே திரும்ப வாங்கினேன். வீட்டுக்கு வந்து கட்டைப் பிரித்தால் படிவத்துக்குப் படிவம் மேலிருந்து கீழே ஒரே நேர்கோட்டில் 5, 5, 5. ஒரு பிள்ளை மட்டும் கடைசிப் பக்கத்தில் மெல்லிய பென்சிலால் “இதால எங்களுக்கு என்ன வரும்?” என்று எழுதியிருந்தாள். அந்தக் கட்டு முழுவதிலும் உண்மையாக எழுதப்பட்டிருந்தது அந்த ஒரு வரிதான்.

வன்னியில் படிவம் என்றால் வேறு அர்த்தம். முகாமில் படிவம், மீள்குடியேற்றத்துக்குப் படிவம், வீட்டுத்திட்டத்துக்குப் படிவம், விதானையாரிடம் ஒன்று, பிரதேச செயலகத்தில் ஒன்று. எதை எழுதினால் எது நின்றுபோகும் என்று கணக்குப் பார்த்துப் பார்த்தே நிரப்பிப் பழகியவர்கள் நாங்கள். ஆய்வாளர் கொடுப்பதை மட்டும் ஏன் வேறு மாதிரி நிரப்பப் போகிறோம்? இப்போது நான் தொழிற்சாலைக்குள் படிவம் கொடுப்பதே இல்லை. வேலை முடிந்து, பஸ் வரும்வரை நிற்கிற இடத்தில் கதைக்கிறேன். டமேஜ் பீஸை மேசைக்கு அடியில் ஒளிக்கிற கதை, பக்கத்து மெசின் பிள்ளைக்கு டார்கெட் முடித்துக் கொடுக்கிற கதை எல்லாம் அங்கேதான் வரும்.

டமேஜ் பீஸ் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் பிழைகளைப் பார்த்தார். நல்ல குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது, நல்ல குழுக்களில்தான் பிழை கூட. பிறகுதான் விளங்கியது: அங்கே பிழையைப் பயமில்லாமல் சொல்கிறார்கள், மற்ற இடங்களில் மறைக்கிறார்கள். ஆகவே உங்கள் லைனில் “டமேஜே இல்லை” என்று யாராவது பெருமைப்பட்டால் முதலில் மேசைக்கு அடியில் பார்க்கச் சொல்லுங்கள். (நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.)

வவுனியா, ஹாட்வெயார் கடை உரிமையாளர்: கடையில் கமரா பூட்டினேன். அதற்குப் பிறகு பெடியள் முகம் கொடுத்துக் கதைக்கிறாங்கள் இல்லை. முன்பு தாங்களாகவே செய்த வேலையைக்கூட இப்போது சொன்னால்தான் செய்கிறாங்கள். களவு போனால் நான் என்ன செய்வது?

ஐயா, கமரா பூட்டியது பிழை என்று சொல்லமாட்டேன். எப்படிப் பூட்டினீர்கள்? ஞாயிற்றுக்கிழமை ஆள் கொண்டுவந்து பூட்டிவிட்டு, திங்கள் காலையில் பெடியள் வந்து மேலே பார்த்து அறிந்துகொண்டார்களா?

ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990 இல் எழுதியதைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஒரு கம்பனி, ஓடர் குறைந்ததால் இரண்டு தொழிற்சாலைகளில் 10 கிழமைக்குச் சம்பளத்தை 15 வீதம் வெட்டியது. ஒரு தொழிற்சாலையில் எல்லோரையும் இருத்தி, கணக்கைக் காட்டி, மனம் வருந்தி, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார்கள். மற்றதில் சுருக்கமாக அறிவித்துவிட்டுப் போய்விட்டார்கள். வெட்டு இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் களவு மற்றதில்தான் நன்றாகக் கூடியது. சம்பளம் பழையபடி வந்ததும் குறைந்தும்விட்டது.

ஆகவே இப்போதாவது பெடியளைக் கூப்பிட்டு, என்ன களவு போனது, ஏன் பூட்டினேன் என்று சொல்லுங்கள். கமராவைக் காசு மேசைக்கும் வாசலுக்கும் திருப்புங்கள். அவர்கள் சாப்பிடுகிற மூலையில் ஒன்று இருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள்.

புதுக்குடியிருப்பு, உற்பத்திப் பிரிவு மேற்பார்வையாளர்: மேலதிக நேரப் பட்டியலில் நான் விட்ட பிழையால் ஆறு பேருக்குக் காசு குறைந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டால் மதிப்புப் போகுமா?

கூட்டல் பிழை என்றால் இன்றைக்கே கேளுங்கள் தம்பி. கிம், ஃபெரின், கூப்பர், டர்க்ஸ் என்ற நால்வர் 2004 இல் வெளியிட்ட சோதனைகளில், திறமைக் குறைவால் வந்த தவறுக்கு மன்னிப்புக் கேட்டவர்கள் மேல்தான் நம்பிக்கை திரும்ப வந்தது. நேர்மை சம்பந்தப்பட்ட குற்றச்சாட்டில் மட்டும் மறுத்தவர்களுக்கு வாசியாக இருந்தது. இதைக் கேட்டுவிட்டு மறுக்கப் பழகாதீர்கள். பிறகு குற்றம் உறுதியானால் அங்கேயும் மன்னிப்புக் கேட்டவர்தான் தப்பினார். புதுக்குடியிருப்பில் ஒரு விஷயம் எத்தனை நாளைக்கு உறுதியாகாமல் கிடக்கும் என்று உங்களுக்கே தெரியும். மன்னிப்போடு காசையும் கொண்டு போங்கள்.

முல்லைத்தீவு, கடை ஊழியர்: மாதாமாதம் சேமலாப நிதிக்கு வெட்டுகிறார் முதலாளி. கட்டுகிறாரா தெரியாது. நம்பித்தானே இருக்க வேண்டும்?

இல்லை. இது நம்பிக்கை விஷயமே இல்லை, சட்டம். உங்கள் பங்கு 8 வீதம், அவர் போட வேண்டியது 12 வீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு இன்னும் 3 வீதம், அது முழுக்க அவர் பணம், உங்கள் சம்பளத்தில் வெட்டக் கூடாது. அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். தர இழுத்தடித்தால் சம்பளத் துண்டுகளோடு தொழில் அலுவலகத்துக்குப் போங்கள்.

கிளிநொச்சி, மனிதவளப் பிரிவு: எங்கள் தலைமை அலுவலகம் கொழும்பில். நல்ல சலுகைத் திட்டங்கள் அனுப்புகிறார்கள். ஆனாலும் பிள்ளைகள் நிற்கிறார்கள் இல்லை. போருக்குப் பிறகு இங்கே ஆட்களுக்கு யாரிலும் நம்பிக்கை இல்லை என்று மேலே சொல்கிறார்கள். உண்மையா?

எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடில்லை. உங்கள் தொழிற்சாலைச் சாப்பாட்டறையில் சீட்டு ஓடுகிறதா என்று பாருங்கள். கட்டாயம் ஓடும். எழுத்தில்லை, சாட்சியில்லை, தாய்ச்சி பிடிக்கிறவளின் கொப்பியில் ஒரு கோடு மட்டும். யாரையும் நம்பாதவர்கள் முதலாம் மாதத்திலிருந்து ஒழுங்காகக் காசு கட்டிவிட்டுக் கடைசிச் சீட்டுக்குக் காத்திருப்பார்களா?

அவர்களுக்குக் கொழும்புக் கடிதம் தெரியாது, தங்கள் லைன் சுப்பர்வைசரைத்தான் தெரியும். டர்க்ஸும் ஃபெரினும் 2002 இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அன்றாட வேலைத்திறனோடு நெருங்கி நின்றது நேரடி மேலாள் மேல் இருக்கிற நம்பிக்கைதான். உச்சியில் இருப்பவர்கள் மேலான நம்பிக்கை, நிறுவனத்தின் மேல் உள்ள பற்றோடு சேர்ந்து வந்தது.

இன்னொன்று. எல்லாவற்றையும் நம்பிக்கைப் பிரச்சினையாகப் பார்ப்பது எங்கள் தொழில் வியாதி. ஒரு தொழிற்சாலையில் பிள்ளைகள் ஏன் விலகுகிறார்கள் என்று மூன்று மாதம் விசாரித்தேன். பாதிப்பேர் சொன்னது, பஸ் இறக்கிவிடுகிற சந்தியிலிருந்து வீட்டுக்கு இருட்டில் தனியே நடக்க வேண்டும் என்பதை. முதலில் பஸ் பாதையைப் பாருங்கள், சலுகைத் திட்டத்தைப் பிறகு பார்க்கலாம்.

செட்டிகுளம், முதுமாணி மாணவர்: மிஸ், ஆய்வுக்கு வினாக்கொத்தா, நேர்காணலா?

முதலில் நேர்காணல், அதில் வருகிற சொற்களை வைத்து வினாக்கொத்து. ஆங்கில வினாவைத் தமிழாக்கினால், அதைப் பார்க்காத இன்னொருவரைக் கொண்டு திரும்ப ஆங்கிலமாக்கி ஒப்பிடுங்கள். நம்பிக்கையையும் வேலைத்திறனையும் ஒரே ஆளிடம் ஒரே நாளில் கேட்காதீர்கள், எல்லாம் எல்லாவற்றோடும் தொடர்பு காட்டும். திறனை மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். காசு கட்டினால் ஒரு கிழமையில் போடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்புகிற சஞ்சிகைகள் பக்கம் போகவே வேண்டாம்.

இன்னும் ஏழெட்டுக் கேள்விகள் கிடக்கின்றன. மேசையில் விடைத்தாள் கட்டும் கிடக்கிறது. திருத்தி முடித்துவிட்டு வருகிறேன். ஹாட்வெயார் கடை ஐயா, பெடியளோடு கதைத்தால் என்ன சொன்னார்கள் என்று கட்டாயம் எழுதுங்கள்.