மடிக்கணினியின் விலை மட்டுமா தடை?

கேள்வி: வளரும் நாடுகளின் குழந்தைகளுக்கு 100 டாலரில் மடிக்கணினி தருவதாகப் புறப்பட்ட திட்டம், சொன்ன விலைக்குத் தர முடியாததால்தானே தோற்றது? மின்னணுப் பொருட்களின் விலை குறைந்துவிட்ட இன்று அதை மீண்டும் தொடங்கினால் என்ன?

பதில்: விலைதான் காரணம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்கக் கணினி அறிஞர் நிக்கோலஸ் நெக்ரோபோன்டே 2005-இல் அறிவித்த 'ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' திட்டத்தின் கணினி, 2007-இன் இறுதியில் உற்பத்திக்கு வந்தபோது ஏறத்தாழ 188 டாலர் ஆனது உண்மை. ஆனாலும் கடும் வெயிலிலும் வாசிக்கக்கூடிய திரையையும், குறைந்த மின்சாரத்தில் இயங்கும் அமைப்பையும், இணையம் எட்டாத இடத்தில் பக்கத்திலுள்ள கணினிகளோடு தானே இணைந்துகொள்ளும் வசதியையும் அந்த விலைக்குள் கொண்டுவந்தார்கள். அந்தப் பொறியாளர்களின் உழைப்பை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

விலை உயர்ந்த பிறகும் பெரு அரசு எட்டு லட்சத்துக்கும் அதிகமான கணினிகளை வாங்கியது. அந்நாட்டின் 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்து அமெரிக்க நாடுகளின் வளர்ச்சி வங்கி 2012-இல் வெளியிட்ட ஆய்வின்படி, திட்டம் நடந்த பள்ளிகளில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கணினி என்ற நிலை ஏறத்தாழ எட்டப்பட்டிருந்தும், கணக்கிலும் மொழிப் பாடத்திலும் எந்த முன்னேற்றமும் தென்படவில்லை. பொதுவான சிந்தனைத் திறனில் மட்டும் ஓரளவு பலன் இருந்தது. அதைச் சிறிதென்று ஒதுக்கிவிடக் கூடாது. ஆனால் பெரும்பாலான பள்ளிகளில் இணைய இணைப்பு இல்லை. கணினியை வீட்டுக்குக் கொண்டுபோன குழந்தைகள் பாதிக்கும் குறைவு. அதைக் கொண்டு பாடம் நடத்துவது எப்படி என்று ஆசிரியர்களுக்குக் கிடைத்த பயிற்சியோ மிகச் சொற்பம். கருவியைக் கையில் கொடுத்துவிட்டால் குழந்தைகள் தாமாகவே கற்றுக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை, ஆசிரியரைத் திட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட்டது. என் பார்வையில் அடிப்படைப் பிழை இதுவே.

இதே கணினியோடு 2007-இல் 'செய்பால்' திட்டத்தைத் தொடங்கிய உருகுவே, 2009-க்குள் அரசுத் தொடக்கப் பள்ளி மாணவர் அனைவருக்கும் அதை வழங்கியது. அங்கும் தொடக்க ஆண்டுகளில் கணக்கு, வாசிப்பு மதிப்பெண்கள் உயரவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அந்நாடு அத்துடன் நின்றுவிடாமல், பள்ளிகளை இணையத்தில் இணைத்து, பழுது நீக்க ஏற்பாடு செய்து, ஆங்கில ஆசிரியர் இல்லாத வகுப்புகளுக்குத் தொலைவிலிருந்து காணொளி வழியே ஆசிரியர்களைக் கொண்டுவந்தது. மாணவரின் நிலைக்கேற்பக் கணக்குகளைத் தரும் மென்பொருளையும் பள்ளிகளுக்கு அளித்தது. அந்த மென்பொருளைப் பயன்படுத்திய மாணவர்கள் கணக்கில் முன்னேறியதைப் பிந்தைய ஆய்வு காட்டியது.

ஆகவே, மீண்டும் தொடங்கலாமா என்று கேட்கும் நீங்கள், விலைப்பட்டியலுக்கு முன்பாக வேறு விவரங்களைக் கேளுங்கள். மூன்றாம் ஆண்டில் மின்கலம் செயலிழந்தால் மாற்றித் தருவது யார், ஆசிரியர் பயிற்சிக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டுள்ளது, குழந்தை வீட்டில் பேசும் மொழியில் பாடங்கள் ஆயத்தமாக உள்ளனவா என்பவற்றுக்கு எழுத்துப்பூர்வமான விடை தராத எந்த அரசும், 50 டாலருக்கே கிடைத்தாலும் அந்தக் கணினியை வாங்கக் கூடாது.