கடும் தொற்றில் தட்டணுக்கள்: எண்ணிக்கைக்கு அப்பால் சில கேள்விகள்

செப்சிஸ் எனப்படும் கடும் தொற்றுநிலை குறித்து எனக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பரிசோதனை அறிக்கையின் ஒரே வரியை, அதாவது ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் (பிளேட்லெட்) எண்ணிக்கையை, சுற்றியே இருக்கின்றன. ஆனால் கடும் தொற்றில் தட்டணுக்களின் மரபணுச் செயல்பாடும் மாறுகிறது. எத்தனை தட்டணுக்கள் உள்ளன என்பதோடு, உள்ளவை எத்தகையவை என்பதையும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

தட்டணுவில் உட்கருவே கிடையாது என்கிறார்கள். அப்படியானால் அதன் மரபணுச் செயல்பாடு மாறுவது எப்படி?

உட்கரு கிடையாது என்பது சரி. எலும்பு மஜ்ஜையில் உள்ள மெகாகேரியோசைட் என்னும் மிகப் பெரிய செல்லிலிருந்து பிரிந்து வரும், 2 முதல் 3 மைக்ரோமீட்டர் விட்டமே உள்ள துண்டுதான் தட்டணு. இந்தப் பிறப்பை ஜேம்ஸ் ஹோமர் ரைட் 1906இல் விளக்கினார். உட்கருவின் டிஎன்ஏ தாய்ச்செல்லிலேயே தங்கிவிடுகிறது. ஆனால் அந்த டிஎன்ஏவிலிருந்து ஏற்கெனவே படியெடுக்கப்பட்ட எம்ஆர்என்ஏ மூலக்கூறுகளில் ஆயிரக்கணக்கான வகைகளும், அவற்றைப் படித்துப் புரதம் செய்யும் ரைபோசோம்களும் தட்டணுவோடு வந்துவிடுகின்றன. தொற்றின்போது ரத்தத்தில் பெருகும் அழற்சிப் பொருள்கள் மஜ்ஜையையும் எட்டி, மெகாகேரியோசைட் எந்த மரபணுக்களைப் படியெடுக்கிறது என்பதையே மாற்றிவிடுவதால், அதற்குப் பிறகு பிறக்கும் தட்டணுக்கள் வேறொரு சரக்கோடு ரத்தத்துக்குள் வருகின்றன. ஒரு தட்டணுவின் ஆயுள் 7 முதல் 10 நாள்கள்தான் என்பதால், நோயாளியின் தட்டணுக் கூட்டம் ஒரு வாரத்துக்குள் கணிசமாகப் புதிதாகிவிடும்.

மாற்றம் மஜ்ஜையோடு நின்றுவிடுவதுமில்லை. வேண்டாத பகுதிகளை வெட்டி, மீதியை ஒட்டும் வேலை இன்னும் முடியாத எம்ஆர்என்ஏவைத் தட்டணு தன்னிடம் வைத்திருந்து, தூண்டப்பட்டதும் தானே அதை முடித்து இன்டர்லூகின்-1 பீட்டா என்ற அழற்சிப் புரதத்தைத் தயாரிக்கிறது என்று 2005இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உட்கருவுக்குள் மட்டுமே நடக்கும் என்று நாங்கள் படித்திருந்த வேலை அது. பாடப்புத்தகத்தின் அந்த வரியை அடித்துத் திருத்த வேண்டியதாயிற்று.

எந்தெந்த மரபணுக்கள் மாறுகின்றன? அதனால் நோயாளிக்கு என்ன?

செப்சிஸ் நோயாளிகளின் தட்டணு எம்ஆர்என்ஏவை முழுமையாக வரிசைப்படுத்தி 2019இல் வெளியான ஆய்வில் தனித்துத் தெரிந்தது ஐடிஜிஏ2பி என்ற மரபணு. தட்டணுக்கள் ஃபைப்ரினோஜன் என்ற ரத்த உறைவுப் புரதத்தைப் பற்றிக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டுவதற்கான ஏற்பியின், அதாவது மேற்பரப்பில் உள்ள பற்றும் புரதத்தின், ஒரு பாதியை இதுதான் தருகிறது. செப்சிஸில் இதன் எம்ஆர்என்ஏவும் புரதமும் கூடியிருந்தன. கூடுதல் அளவு உயிரிழப்போடும் தொடர்புற்றிருந்தது. ஒட்டும் தன்மை மிகுந்த தட்டணு நுண்ணிய ரத்தக் குழாய்களில் உறைகட்டிகளை எளிதாக உண்டாக்கும் என்பதை நினைத்தால், இத்தொடர்பு வியப்பளிப்பதில்லை. எனினும் தொடர்பு என்பது காரணம் ஆகிவிடாது.

எலிகளில் செய்த வேறோர் ஆய்வில், செப்சிஸ் தட்டணுக்களில் கிரான்சைம் பி என்ற செல்கொல்லிப் புரதம் கூடியிருந்ததும், அத்தட்டணுக்கள் மண்ணீரலில் உள்ள லிம்போசைட்டுகள் என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுக்களை மடியச் செய்ததும் தெரியவந்தன. வைரஸ் தொற்றுகளில் படம் வேறு. டெங்கு, இன்ஃப்ளூயன்சா நோயாளிகளின் தட்டணுக்களில் ஐஎஃப்ஐடிஎம்3 என்ற வைரஸ் எதிர்ப்பு மரபணு உயர்கிறது. இது பெரிதும் நன்மை பயப்பதாகவே தோன்றுகிறது. ஆகவே, மாற்றம் என்றாலே கேடு என்று கொள்ள வேண்டியதில்லை.

இத்தகைய ஆய்வுகளைப் படிக்கும்போது நான் முதலில் பார்ப்பது முடிவுரையை அல்ல, தட்டணுக்களை எப்படிப் பிரித்தார்கள் என்ற பகுதியை. ஒரு வெள்ளணுவில் உள்ள எம்ஆர்என்ஏ ஒரு தட்டணுவில் உள்ளதைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். மாதிரியில் சில வெள்ளணுக்கள் தப்பி நுழைந்தாலே தட்டணுவின் குரலை அவை அமுக்கிவிடும். ரத்தத்தை மெதுவான வேகத்தில் சுழற்றி, மேலே தெளியும் மஞ்சள் நிறப் பகுதியை மட்டும் எடுத்து, வெள்ளணுக்களைக் காந்த மணிகளால் நீக்கியிருக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள தட்டுவடிவத் தட்டணுக்கள் நிறைந்த குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெல்ல அசைத்தால், உள்ளே பட்டுத்துணி அசைவதுபோல் ஒரு மினுமினுப்புச் சுழலும். தூண்டப்பட்டு உருண்டையாகிவிட்டவற்றில் அந்த மினுமினுப்பு இராது. வெறும் கலங்கலாகத்தான் இருக்கும்.

எண்ணிக்கை 70,000க்கு இறங்கிவிட்டது. மஜ்ஜை வேலை செய்வதை நிறுத்திவிட்டது என்று பொருளா?

பெரும்பாலும் இல்லை. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,50,000 முதல் 4,50,000 வரை இருப்பது இயல்பு. செப்சிஸில் தட்டணுக்கள் ரத்தக் குழாய்ச் சுவரிலும் வெள்ளணுக்களிலும் ஒட்டிக்கொள்கின்றன, நுண்ணிய உறைகட்டிகளில் செலவாகின்றன, மேற்பரப்புச் சர்க்கரையை இழந்தவற்றைக் கல்லீரல் அகற்றிவிடுகிறது. தட்டணுவில் உள்ள டிஎல்ஆர்4 ஏற்பி பாக்டீரியாவின் நச்சை உணர்ந்ததும், அத்தட்டணு நியூட்ரோபில்கள் என்ற வெள்ளணுக்களோடு சேர்ந்து, டிஎன்ஏ இழைகளாலான வலைகளை அவை வீசும்படி தூண்டுகிறது என்பது 2007இல் காட்டப்பட்டது; கிருமியைப் பிடிக்கும் அவ்வலையே ரத்தம் உறைவதற்கான தாங்கு சட்டமாகவும் ஆகிவிடுகிறது. மஜ்ஜை ஈடுகொடுக்கிறதா என்பதை முதிராத் தட்டணு விகிதம் காட்டும்: ஆர்என்ஏ நிறைந்த இளம் தட்டணுக்கள் கூடியிருந்தால் உற்பத்தி நடக்கிறது, இழப்புதான் முந்துகிறது என்று கொள்ளலாம். உறுப்புச் செயலிழப்பை அளக்கும் சோஃபா மதிப்பீட்டில் 1,00,000க்குக் கீழே 2 புள்ளிகள், 50,000க்குக் கீழே 3, 20,000க்குக் கீழே 4 என்று வைக்கப்பட்டிருப்பதிலிருந்து, மருத்துவர்கள் இந்தச் சரிவை எவ்வளவு கருத்தாகப் பார்க்கிறார்கள் என்பது விளங்கும்.

காலையில் 45,000, மாலையில் 1,60,000. எந்த அறிக்கையை நம்புவது?

ஊதா மூடிக் குழாயில் உள்ள இடிடிஏ என்ற வேதிப்பொருளால் சிலருடைய தட்டணுக்கள் குழாய்க்குள்ளேயே திரண்டுவிடும். கருவி அத்திரளைத் தட்டணுவாக எண்ணாது. ரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் பார்த்தால் திரள் தெரிந்துவிடும். சிட்ரேட் என்ற வேறு வேதிப்பொருள் உள்ள குழாயில் மறுபடி எண்ணச் சொல்லுங்கள்.

தட்டணுக்கள்தான் சிக்கல் என்றால், ஆஸ்பிரின் கொடுத்து அடக்கலாமே? குறைந்தால் ஏற்றிவிடலாமே?

ஆஸ்பிரின் யோசனை பொருத்தமானதாகத் தோன்றியதால்தான் சோதிக்கப்பட்டது. 70 வயது கடந்தவர்களுக்குத் தினமும் 100 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில், செப்சிஸ் மரணங்கள் குறையவில்லை. தானாக வாங்கிச் சாப்பிடுவது ஆபத்தானது. தட்டணு குறைந்தவருக்கு ரத்தக்கசிவை அது கூட்டக்கூடும்.

தட்டணு ஏற்றுவது குறித்து ஓர் எல்லை உண்டு. கசிவு இல்லாதவருக்கு 10,000க்குக் கீழே, கசிவு அபாயம் மிக்கவருக்கு 20,000க்குக் கீழே, அறுவைச் சிகிச்சைக்கோ நடந்துகொண்டிருக்கும் கசிவுக்கோ 50,000 என்பது பொதுவான வழக்கம். எண்ணைப் பார்த்து அச்சப்பட்டு ஏற்றும் தட்டணுக்களும் தொற்று அடங்காத உடலில் அதே கதியைத்தான் அடையும்.

குணமாகி வீடு திரும்பிய பின் 5,20,000 என்று வந்துள்ளது. இது புதிய நோயா?

தொற்றின்போது கல்லீரலில் கூடுதலாகச் சுரந்த த்ரோம்போபொய்ட்டின் என்ற, தட்டணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோன், மஜ்ஜையை முடுக்கிவிட்டிருக்கும். செலவு நின்ற பிறகும் உற்பத்தி சில காலம் அதே வேகத்தில் தொடரும். சில வாரங்கள் கழித்து மீண்டும் எண்ணிப் பாருங்கள். அப்போதும் 4,50,000க்கு மேலேயே நின்றால் ரத்தவியல் மருத்துவரைக் காணுங்கள்.