வரலாறு, மக்களாட்சி குறித்த புதிய நூல்களைப் பதிப்பகங்கள் எவ்வாறு பரப்புகின்றன?

இத்தகைய நூல்களுக்கு, விளம்பரத்தைவிட அவற்றின் வாதம் முன்கூட்டியே பொதுவெளியில் புழங்குவதுதான் பெரிதும் உதவுகிறது என்பது என் கருத்து. அப்போது யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த வரலாற்றாசிரியர் திமோத்தி ஸ்னைடர், 2016 நவம்பரில் அமெரிக்க அதிபர் தேர்தல் முடிந்த சில நாட்களிலேயே, இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பா கண்ட சர்வாதிகாரங்களிலிருந்து திரட்டிய 20 பாடங்களை முகநூலில் வெளியிட்டார். அப்பதிவு பரவலாகப் பகிரப்பட்டதையடுத்து, அது 2017 பிப்ரவரியில் 'ஆன் டிரனி' ('கொடுங்கோன்மை குறித்து') என்னும் சிறு நூலாக வெளிவந்து மிகுதியாக விற்றது. கையெழுத்துப்படி கைக்கு வந்தபின் அச்சேற்றவே பல மாதங்கள் எடுத்துக்கொள்ளும் பதிப்புத் துறையில் இது அரிய வேகம். ஹார்வர்டு பேராசிரியர்கள் ஸ்டீவன் லெவிட்ஸ்கி, டேனியல் சிப்லாட் ஆகியோரும் 2016 டிசம்பரில் மக்களாட்சிக்கு வரக்கூடிய ஆபத்து குறித்து நியூயார்க் டைம்ஸில் கட்டுரை எழுதிவிட்டு, அதே கவலையை விரித்து 2018 ஜனவரியில் நூலாக்கினர்.

மதிப்புரையாளர்களுக்கு முன்பிரதி அனுப்புவது, வெளியீட்டு வாரத்தில் வானொலி, பாட்காஸ்ட் நேர்காணல்களுக்கு ஏற்பாடு செய்வது போன்றவை எல்லா நூல்களுக்கும் பொதுவானவை. (பின்னட்டைப் பாராட்டுரைகளை, குறைந்தபட்சம் நான், நம்பி வாங்குவதில்லை.) முதல் பரபரப்பு அடங்கிய பிறகும் நூலைப் பேச்சில் வைத்திருப்பதே கடினமான பகுதி; ஸ்னைடரின் நூலுக்கு 2021இல் நோரா க்ரூக்கின் ஓவியங்களோடு புதிய பதிப்பு வந்தபோது, அது இளைய வாசகர்களையும் எட்டக்கூடிய வடிவத்தைப் பெற்றது.