கையொப்பம் யாருக்கு?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

சில வருடங்களாக அய்கிடோ என்ற ஜப்பானியப் போர்க்கலையைப் பயின்று வருகிறேன். வெளிநாட்டுப் பழைய புத்தக வியாபாரி ஒருவரிடம் அந்தக் கலையை உருவாக்கிய மொரிஹெய் உயெஷிபாவின் ‘புதோ ரென்ஷு’ என்ற பயிற்சி நூலின் 1933ஆம் ஆண்டுப் பிரதி விற்பனைக்கு வந்திருக்கிறது. உள்ளே தூரிகையால் போட்ட கையொப்பமும் சிவப்பு முத்திரையும் இருக்கின்றன. ஒரு பழைய கார் வாங்கும் அளவுக்கு விலை சொல்கிறார். மறுபதிப்பிலும் இதே படங்கள்தானே, ஒரு கையெழுத்துக்கா இவ்வளவு பணம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வாங்கலாமா?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர்கள் கேட்பது நியாயம்தான். பயிற்சிக்கென்றால் மறுபதிப்பே போதும். 1970களிலேயே ஆங்கில மொழிபெயர்ப்போடு வந்துவிட்டது. ஆனால் அந்தக் கையொப்பத்தை ஒரு நாவலாசிரியர் புத்தக வெளியீட்டில் போட்டுத்தரும் கையெழுத்தைப்போல அவர்கள் நினைக்கிறார்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை.

‘புதோ ரென்ஷு’ கடைக்கு வந்த புத்தகம் அல்ல. உயெஷிபா தன் மாணவர்களில் ஓரளவு தேர்ந்தவர்களுக்குக் கொடுத்தது. கற்பிக்கும் உரிமத்துக்கு நிகராகவே அது கருதப்பட்டது. ஆகவே அதில் ஆசிரியரின் பெயர் இருக்கிறதென்றால், ஒருவருக்கு அவர் ஏதோ ஒன்றை ஒப்படைத்திருக்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

ஜப்பானின் பழைய போர்க்கலைப் பள்ளிகளில் மாணவன்தான் முதலில் கையொப்பமிட வேண்டும். சேரும் நாளில் உறுதிமொழி எழுதி, விரலைக் குத்தி, தன் பெயருக்குக் கீழே ரத்தத்தால் ஒற்றுவான். கெப்பான் என்பார்கள். பல வருடங்கள் கழித்து ஆசிரியர் பெயரும் முத்திரையும் இட்டு ஒரு சுருளைத் தருவார். அதன் பெயர் மொகுரோகு. அந்தச் சுருளை முழுக்க விரித்துப் பார்த்தாலும் பெரும்பாலும் நுட்பங்களின் பெயர்ப்பட்டியல்தான் இருக்கும். எந்தக் கையைப் பிடிப்பது, எந்தக் காலை நகர்த்துவது என்றெல்லாம் இருக்காது. ஏற்கெனவே உடலால் தெரிந்தவனுக்கு மட்டுமே அது பேசும்.

உயெஷிபா வந்த வழியும் இதுதான். 1915இல் ஹொக்கைதோவின் எங்காருவில் அவர் போர்க்கலை ஆசிரியர் சோகாகு தகேதாவைச் சந்தித்தார். தகேதா ஊர் ஊராகப் போய்க் கற்றுக்கொடுத்தவர். கூடவே பேரேடுகளை வைத்திருந்தார். கற்றவர்கள் தங்கள் பெயரை எழுதி முத்திரை வைத்தாக வேண்டும், கொடுத்த கட்டணமும் அதில் பதிவாகும். 1922இல் உயெஷிபாவுக்குக் கற்பிக்கும் உரிமை கொடுத்ததும் அவர்தான்.

இந்த மரபில் வந்தவர் 1933இல் சுருளின் இடத்தில் ஒரு படப்புத்தகத்தை வைத்தார். எனக்கு வியப்பு அங்கேதான். படங்களை வரைந்தவர் தகாகோ குனிகோஷி என்ற இளம்பெண். ஓவியக் கல்லூரி மாணவி, உயெஷிபாவின் தோஜோவில், அதாவது பயிற்சிக்கூடத்தில், பயின்றவர். எளிய கோட்டுப் படங்கள். 1938இல் வந்த ‘புதோ’ என்ற நூலில் உயெஷிபாவே புகைப்படங்களில் நிற்கிறார், அதன் மதிப்பே வேறு. ஆனாலும் நுட்பத்தைப் புரிந்துகொள்ள நான் குனிகோஷியின் கோடுகளைத்தான் நம்புவேன். புகைப்படத்தில் ஒரு கணம் மட்டும் நிற்கிறது. தானே பாயில் விழுந்து எழுந்த ஒருவர் வரையும்போது, எதைக் காட்ட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று அவர் கைக்குத் தெரிந்திருக்கும். இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவர் பெயரைச் சொல்லாமல் கடந்துபோகும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

சரி, உங்கள் பிரதிக்கு வருவோம். கையொப்பத்தில் ‘மொரிதாக்கா’ என்று இருந்தால் பயப்படாதீர்கள், 1930களில் அவர் அந்தப் பெயரையும் பயன்படுத்தினார். ‘அய்கிடோ’ என்ற சொல் புத்தகத்தில் இல்லாததும் குறையல்ல. அந்தப் பெயர் 1942இல்தான் வந்தது. சிவப்பு முத்திரையை மட்டும் நம்பி எதையும் முடிவுசெய்ய வேண்டாம், முத்திரையை யாரும் செதுக்கிவிடலாம்.

நீங்கள் தேட வேண்டியது பெற்றுக்கொண்டவரின் பெயரை. அது எங்காவது இருக்கிறதா? டோக்கியோவில் 1931இல் திறந்த கொபுகான் தோஜோவில் யாரும் நேராக நுழைந்துவிட முடியாது, மதிப்புள்ள இருவர் பரிந்துரைக்க வேண்டும். கடற்படைத் தளபதி இசாமு தகேஷிதா போன்றவர்கள் புழங்கிய சிறிய வட்டம் அது. ஆகவே ஒரு பெயர் கிடைத்தால் அவர் யார் என்று கண்டுபிடிக்க வாய்ப்பு அதிகம். ஓரங்களில் பென்சில் குறிப்புகள் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். குறிப்புகள் இருந்தால் வியாபாரி விலையைக் குறைக்கக்கூடும். என் கண்ணில் அந்தப் பிரதிதான் உயர்ந்தது. ஒரு மாணவர் தோஜோவிலிருந்து திரும்பி, உடல்வலியோடு உட்கார்ந்து, இடது கால் என்று திருத்தி எழுதியிருந்தால் அதை அழித்துச் சுத்தம்செய்ய யாரையும் விடாதீர்கள்.

பெயர் தெரிந்து, அவருடைய குடும்பமோ அவர் வழிவந்த தோஜோவோ இன்றும் இருந்தால், நீங்கள் வாங்குவதைவிட அவர்களுக்குத் தகவல் சொல்வதே சரி என்று நினைக்கிறேன். இது உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் இன்னொருவரிடம் ஒப்படைத்த ஒன்றை நாம் அலமாரியில் வைத்துக்கொள்ள என்ன உரிமை? அப்படி யாரும் இல்லை, விலையும் உங்களுக்குக் கட்டுப்படியாகும் என்றால் தாராளமாக வாங்குங்கள். ரசீது, வியாபாரியின் கடிதங்கள், யாரிடமிருந்து வந்தது என்ற விவரம் எல்லாவற்றையும் புத்தகத்தோடு சேர்த்தே வையுங்கள்.

முன்பணம் எதுவும் அனுப்புவதற்கு முன் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் எனக்கும் அனுப்புங்கள். பழைய ஜப்பானியக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவர் இருக்கிறார், கேட்டுச் சொல்கிறேன்.