ஏற்காடு டிப்பர் விபத்து: பத்திரத்தில் கையெழுத்துப் போடலாமா?

வருத்தமான செய்தி சகோ. ஏற்காட்டில் ரிசார்ட் கட்டும் இடத்தில் ஜல்லி இறக்கிய டிப்பர் ரிவர்ஸ் வந்து, அங்கே வேலை செய்த உங்கள் தம்பி இறந்திருக்கிறார், காண்ட்ராக்டர் 3 லட்சம் தந்து சமரசப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார். போடாதீர்கள். வேலையில் இறந்தவருக்கான இழப்பீட்டைத் தொழிலாளர் துறை அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். குடும்பத்தின் கையில் நேராகக் கொடுப்பது கணக்கில் வராது. ரிசார்ட் முதலாளி 'அவன் காண்ட்ராக்ட் ஆள்' என்று நழுவப் பார்க்கலாம், அவரிடமும் கேட்க முடியுமா என்று வக்கீலிடம் கேளுங்கள்.

இன்னொரு வழி, வாகன விபத்து என்று மோட்டார் வாகனச் சட்டம் 166-வது பிரிவில் இழப்பீடு கேட்பது. டிரைவரின் அலட்சியத்தை நிரூபித்தால் லாரி ஓனரும் இன்சூரன்ஸும் பொறுப்பு. 'கேட் போட்ட இடம், பொது இடமில்லை, அதனால் பணம் தர மாட்டோம்' என்று இன்சூரன்ஸ்காரர் கட்டாயம் இழுப்பார், அவர் பிழைப்பு அது. ஆனால் இரண்டு வழியில் ஒன்றைத்தான் எடுக்கலாம். 166-இல் மனு போடச் சட்டத்தில் 6 மாதக் கெடு.

அதனால் முதலில் எஃப்.ஐ.ஆர். நகலை வாங்குங்கள். டிப்பர் நம்பர் இருக்கிறதா, இல்லை 'தவறி விழுந்தார்' என்று முடித்துவிட்டார்களா? அப்புறம் சேலத்தில் வக்கீலைப் பாருங்கள்.