காரில் செய்யும் மாற்றங்களும் காப்பீடும்: கேள்வி பதில்

விபத்தில் சிக்கிய வாகனங்களைப் பார்வையிட்டு இழப்பை மதிப்பிடும் சர்வேயர் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். கார் வைத்திருப்போர் என்னிடம் கேட்டவற்றில் பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

அலாய் வீலும் ஸ்பாய்லரும் அழகுக்காகத்தான் போட்டேன். இதற்கும் பிரீமியம் ஏறுமா?

ஏறலாம், பெரும்பாலும் சிறிதளவே ஏறும். விபத்து நேரும் வாய்ப்பு கூடுகிறதா, திருட்டுப் போகும் வாய்ப்பு கூடுகிறதா, பழுதுபார்க்கும் செலவு கூடுகிறதா என்ற மூன்றைத்தான் காப்பீட்டு நிறுவனம் பார்க்கிறது. அலாய் வீல் காரின் வேகத்தைக் கூட்டாது என்றாலும் திருடர்களின் கண்ணில் படும். சாதாரண இரும்பு வீலைவிட விலையும் அதிகம். இதைத் தெரிவிக்காமல் விட்டால், விபத்துக்குப் பின் தொழிற்சாலையிலிருந்து வந்த வீலின் விலைதான் கைக்கு வரும் என்பதை நினைவில் வையுங்கள். வாங்கிய பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

இன்ஜின் கட்டுப்பாட்டுக் கணினியை ரீமேப் செய்திருக்கிறேன், அதாவது திறனைக் கூட்ட அதன் மென்பொருளை மாற்றி எழுதியிருக்கிறேன். வெளியே ஒரு திருகுகூட மாறவில்லை. யாருக்குத் தெரியப்போகிறது?

நான் மிகவும் கவலைப்படுவது இந்தக் கேள்வியைப் பற்றித்தான். அண்மைக் காலத்து கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி என்னும் பழுதறியும் இணைப்பில் ஸ்கேனரைச் செருகினால், கணினியில் உள்ள மென்பொருளின் அடையாள எண்ணும் சரிபார்ப்பு எண்ணும் திரையில் வந்துவிடும். அவை தயாரிப்பாளர் வெளியிட்ட எண்களோடு பொருந்தாவிட்டால், யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பழைய மென்பொருளை மீண்டும் ஏற்றிவிட்டாலும், எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை சில கணினிகளில் அழியாமல் நிற்கும். இதுபோக, பல கார்களில் ஏர்பேக் கட்டுப்பாட்டுக் கருவி மோதலுக்கு முந்தைய சுமார் 5 வினாடிகளின் வேகத்தையும் பிரேக் மிதித்த விவரத்தையும் பதிந்து வைத்திருக்கிறது.

கண்டுபிடிக்க முடியும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இன்ஜினின் திறனைக் கூட்டும்போது பிரேக், கிளட்ச், டயர் எல்லாம் பழைய திறனுக்கு ஏற்பவே இருந்துவிடுகின்றன. அதனால்தான் ரீமேப்புக்குக் கணிசமாக பிரீமியம் கூடுகிறது. சில நிறுவனங்கள் காப்பீடு தரவே மறுக்கின்றன. பெருமளவு மாற்றப்பட்ட கார் என்றால், அதன் மதிப்பை முன்கூட்டியே இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் சிறப்புப் பாலிசியைத் தேடுவது நல்லது.

ஹெட்லைட்டில் 55 வாட் பல்புக்குப் பதில் 100 வாட் போட்டேன். ஒரு பல்புக்காக நிறுவனத்துக்குக் கடிதம் எழுத வேண்டுமா?

எழுதுவதற்கு முன்பே அந்தப் பல்பைக் கழற்றிவிடுங்கள். 12 வோல்ட்டில் 55 வாட் பல்ப் ஏறத்தாழ 4.6 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் பல்ப் 8.3 ஆம்பியர் இழுக்கும். வயரில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், அதே வயர் மூன்று மடங்குக்கு மேல் சூடாகிறது. அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்று யாராவது பெரிய ஃபியூஸாக மாற்றிவிட்டால், உருக வேண்டிய ஃபியூஸ் உருகாது. வயரின் உறைதான் உருகும். தீப்பிடித்த ஒரு காரின் பானெட்டுக்குள், பல்ப் சாக்கெட்டின் பிளாஸ்டிக் மெழுகுபோல் வழிந்து வயரோடு ஒட்டிக் கிடந்ததைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். தீயின் தொடக்கம் அப்படித் தெளிவாகத் தெரியும்போது, தெரிவிக்காத மாற்றத்துக்காக இழப்பீடு கேட்டு வாதாடுவது மிகக் கடினம்.

டயர் அளவை ஒரு படி கூட்டுவதும் மாற்றமா?

வெளி விட்டத்தைப் பொறுத்தது. 195/65 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 634 மில்லிமீட்டர். 205/55 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 632. வேறுபாடு மிகச் சிறியது. அதே காரில் 215/65 ஆர்16 போட்டால் விட்டம் 686 ஆகிவிடும். டயர் 8 விழுக்காடு பெரிதாகிவிட்டதால், உண்மை வேகத்தைவிட ஸ்பீடோமீட்டர் குறைத்தே காட்டும். எந்த அளவாக இருந்தாலும் தெரிவித்துவிடுங்கள்.

பாலிசி எடுத்தபோது நிறுவனத்தின் ஆள் வந்து காரைப் பார்த்தார். அதுவே தெரிவித்ததாக ஆகாதா?

உங்கள் வாதத்துக்குப் பழைய அடிப்படை உண்டு. 1766-இல் சுமத்ராவில் இருந்த ஒரு கோட்டையின் காப்பீடு பற்றிய வழக்கில் இங்கிலாந்தின் மான்ஸ்ஃபீல்டு பிரபு, தனக்கு மட்டும் தெரிந்த ஆபத்தைக் காப்பீடு கோருபவர் மறைக்கக் கூடாது என்றார். காப்பீடு தருபவர் ஏற்கெனவே அறிந்ததைச் சொல்லவில்லை என்று குறைகூற முடியாது என்றும் தீர்ப்பளித்தார். ஆனால் வந்தவர் உங்கள் சஸ்பென்ஷன் தாழ்த்தப்பட்டதைக் கவனித்தார் என்பதை எப்படி நிரூபிப்பீர்கள்? அவர் எழுதிய ஆய்வு அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் இல்லையென்றால் நீங்களே எழுத்தில் தெரிவியுங்கள்.

நிறுத்தியிருந்த காரின் மேல் வேறொருவர் மோதினால்கூட, என் மாற்றத்தைக் காட்டி மறுப்பார்களா?

இதற்கு நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடுகிறது. மாற்றத்துக்கும் விபத்துக்கும் தொடர்பு இருந்தால்தான் மறுக்கலாம் என்பது சில இடங்களில் விதி. பிரிட்டனில் தனிநபர் காப்பீட்டுக்கான 2012-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேண்டுமென்றே மறைக்காமல் கவனக்குறைவால் தவறான தகவல் தந்திருந்து, உண்மை தெரிந்திருந்தால் கூடுதல் பிரீமியம் கேட்டிருப்பார்கள் என்றால், இழப்பீட்டை விகிதப்படி குறைக்கலாம். 100 கட்டியவர் 125 கட்டியிருக்க வேண்டுமென்றால் இழப்பில் 80 விழுக்காடு மட்டுமே கிடைக்கும். உங்கள் காரால் பாதிக்கப்பட்ட மூன்றாம் நபருக்குச் சேர வேண்டியதை நிறுவனம் கொடுத்துவிட்டு, பிறகு உங்களிடம் வசூலிக்க வரலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

அப்பாவுக்குக் கால் செயலிழந்ததால் கையால் இயக்கும் பிரேக், ஆக்சிலரேட்டர் பொருத்தினோம். அபராதம்போல் பிரீமியம் கூடுமா?

தகுதியானவர் பொருத்திய சான்றோடு தெரிவித்தால், பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. அந்தக் கருவியின் மதிப்பையும் பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். விபத்துக்குப் பின் அது இல்லாமல் அவரால் காரை ஓட்ட முடியாது.

பழைய கார் வாங்கினேன். முந்தைய உரிமையாளர் என்ன செய்தார் என்றே தெரியவில்லை.

நம்பிக்கையான மெக்கானிக்கிடம் காரை லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங், சைலன்சர், வயர் ஒட்டுகள், எரிவாயு கிட் ஆகியவற்றைத் தயாரிப்பாளரின் விவரக் குறிப்போடு ஒப்பிட்டு, கண்டதை எழுதித் தெரிவியுங்கள்.

எப்படித் தெரிவிப்பது? தொலைபேசியில் சொன்னால் போதாதா?

போதாது. எந்தப் பாகம், எந்தத் தேதியில், யாரால், என்ன செலவில் பொருத்தப்படுகிறது என்று மின்னஞ்சலில் எழுதி, பில்லையும் படங்களையும் இணையுங்கள். மாற்றத்தைச் செய்வதற்கு முன்பே பிரீமியம் எவ்வளவு கூடும் என்று கேட்டுவிட்டால், வேண்டாம் என்று முடிவெடுக்கவும் வழி இருக்கும். வாகனப் பதிவிலும் திருத்தம் தேவைப்படும் மாற்றமாக இருந்தால் அதையும் முடியுங்கள். “உங்கள் தகவல் பெறப்பட்டது” என்று வரும் பதில் ஒப்புதல் ஆகாது. பாலிசியுடன் இணைக்கப்படும் எண்டோர்ஸ்மென்ட் என்னும் திருத்த ஆவணம் கைக்கு வந்ததும், அதில் உங்கள் மாற்றத்தின் பெயரும் மதிப்பும் சரியாக இருக்கின்றனவா என்று ஒருமுறை படித்துப் பார்த்த பிறகு காரை வெளியே எடுங்கள்.